பழைய மணி நாலு

மணி நாலு அம்பத்திரெண்டு.

அவன் ராஜாவ நகர்த்திட்டான். நான் இன்னும் செக் வைக்கவே இல்ல.

மனசுல நெனச்சேன், அவ்வளவுதான். குதிரைய எடுத்து வச்சா செக்கு, அதே அடியில அவன் ராணியும் மாட்டும்னு நெனச்சேன். என் கை ரெண்டும் மடியிலதான் கெடக்கு. அதுக்குள்ள அவன் விரலு ராஜாவப் புடிச்சு ஓரத்துக்குத் தள்ளிருச்சு.

"நீ வை," ங்கிறான். "நான் பாத்தாச்சு."



இருங்க. மொதல்லேருந்து சொல்றேன், இல்லாட்டி புரியாது. மெதுவாத்தான் பேசணும், தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மா படுத்திருக்கு. இத நான் அதுகிட்டகூட சொன்னதில்ல. நான் கட்டிச் சொல்றேன்னு நெனைக்கிறவங்க காலையில ஆபீசுக்கு வாங்க. அலமாரியில மூணாவது தட்டு, ஒரு பழுப்புத் தாளு. கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு. அந்த அலமாரிய தெனமும் தொடைக்கிறது நான்தான். அந்தத் தட்ட மட்டும் தொடைக்க மாட்டேன்.

என் பேரு சன்னாசி. மலாயாவுல சுவா பக்கத்துல எங்க ரப்பர் தோட்டம். ரெண்டு வருசத்துக்கு முன்ன நடந்தது இது. ஜப்பான்காரன் கணக்குல 2603, நம்ம கணக்குல 1943. எனக்குப் பதினாறு.

அப்பதான் சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் புடிச்சுக்கிட்டு இருந்தான். காலையில ஆள் எண்ணுற பெரட்டுல நிக்கும்போது பேர் படிப்பாங்க. படிச்சா லாரில ஏறணும். எங்கப்பா மாயாண்டி மாசி மாசம் ஏறினாரு. மூணு மாசம்தான்னு சொல்லி ஏத்துனாங்க. ஆளும் வரல, தாக்கலும் வரல. அடுத்த லிஸ்ட்டுல பதினாறு வயசுக்காரனும் உண்டுன்னு பேச்சு. அம்மாவுக்கு நான் ஒருத்தன்தான்.

அந்த நேரத்துல பங்களாவுல இருந்த ஜப்பான் தொரைக்கு சாயங்காலத்துல சதுரங்கம் ஆட ஆள் வேணுமாம். ஆபீஸ் எழுத்து வேலையப் பாக்குற பெரிய கிராணி இராஜமாணிக்கம் அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. "ஒரு பையன ஆபீஸ் தம்பியா வச்சுக்கலாம் தொரை, ஆடவும் செய்வான்"னு கேட்டு வாங்கிட்டாரு. ஆபீஸ்ல வேலைன்னா சயாம் கெடையாது. நாலு தோட்டத்துக்கும் ஒரே ஆபீஸ், அதனால நாலு தோட்டத்துலேருந்தும் எட்டுப் பையனுங்க. தோத்தவன் வீட்டுக்கு, ஜெயிச்சவன் அடுத்த ஆட்டத்துக்கு. கடைசியில நிக்கிறவனுக்கு அந்த வேலை.

மத்த ஏழு பேரு எங்க போவாங்கன்னு யாரும் வாயத் தொறந்து சொல்லல. எல்லாருக்கும் தெரியும்.

கடைசியில நின்னது நானும் லிங்கித் தோட்டத்து அமலதாசும். அவன நான் பாத்ததில்ல. கேள்விப்பட்டிருக்கேன். மாதா கோயில் சாமியாரு சொல்லிக்குடுத்த ஆட்டம். நீ எத நகர்த்துறியோ அதையே அவனும் நகர்த்துவான். பத்துப் பன்னெண்டு மூவ் வரைக்கும் கண்ணாடி மாதிரி நிப்பான். எதிராளி கடுப்பாகி ஒண்ணு தப்பா வப்பான், அப்ப கடிப்பான். பையனுங்க அவனுக்கு காப்பி தாசுன்னு பேரு வச்சிருந்தானுங்க.

இன்னொண்ணும் சொல்லிடணும். மணி. ஜப்பான்காரன் வந்ததும் கடியாரத்த ஒன்றரை மணி நேரம் முன்னால தள்ளி வச்சுட்டான். டோக்கியோ மணி. ஆபீசு, பெரட்டு, ரேஷன் எல்லாம் அதுலதான். ஆனா நாங்க குடியிருக்குற லயத்துல இன்னும் பழைய மணிதான் பேச்சு. லிங்கிப் பக்கம் சுத்தமா பழைய மணி. இதுக்கு முந்துன ஆட்டத்துக்கே வீரமுத்துன்னு ஒரு பையன் இப்படித்தான் ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்தான். கிராணி சிரிச்சுக்கிட்டே, "போடா, ஒன் தப்பு இல்ல, கடியாரத்து தப்பு"ன்னு மறுபடி ஆட விட்டாரு.

இத ஞாபகம் வச்சுக்குங்க.

ஜூன் இருவது, ஞாயித்துக்கெழம. கிராணி கிளப்புலதான் ஆட்டம். பழைய வெள்ளக்காரன் கட்டுன பலகைக் கட்டடம், தகரக் கூரை. நாலு மணிக்கு ஆட்டம். நான் மூணரைக்கே போயிட்டேன். மூணு நாப்பதுக்கு மழை புடிச்சிருச்சு. தகரத்து மேல சல்லி கொட்டுற மாதிரி. உள்ள இருட்டிப்போச்சு. கிராணி பலகைய வச்சு, ஆளுக்கொரு தாளும் பென்சிலும் வச்சாரு.

"எல்லா மூவும் எழுதணும். முடிஞ்சதும் அவன் ஒன் தாள்ல கையெழுத்துப் போடணும், நீ அவன் தாள்ல போடணும். தேதியோட. சரியா?"

"சரிங்க."

"தொரை கூப்புடுறான்டா. அஞ்சேகாலுக்குள்ள வந்துருவேன். அவன் வந்தா ஆரம்பிங்க. சண்ட போட்டா ரெண்டு பேரையும் பெரட்டுல நிக்க வச்சிருவேன்."

கொடைய விரிச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

மூணு அம்பத்தெட்டு. கடியாரத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். டக்... டக்... டக்...

நாலு.

திரும்பிப் பாத்தா எதிர் நாக்காலியில உக்காந்திருக்கான்.

கதவு சத்தம் கேக்கல. மழையில கேக்காம போயிருக்கும்னு நெனச்சேன். ஒல்லி. எலும்புக்கு மேல தோலு. தல மசுரு ஒட்ட வெட்டியிருக்கு. சட்ட சொட்டச் சொட்ட நனஞ்சிருக்கு, ஆனா தரையில ஒரு சொட்டு தண்ணி விழல. வலது காலுல முட்டிக்குக் கீழ சாக்குத்துணி சுத்தியிருக்கு. அதுலேருந்து ஒரு நாத்தம்... ரப்பர் பால் அழுகின நாத்தம் எனக்குப் பழக்கம். இது அது இல்ல.

"அமலதாசா?"

தலைய ஆட்டினான்.

"மணி என்ன?" ன்னு கேட்டான்.

"நாலு."

"டோக்கியோ மணியா, பழைய மணியா?"

"டோக்கியோ மணிதான் லா. ஆபீஸ் கடியாரம்."

அவன் மூஞ்சியில ஒரு சிரிப்பு வந்துச்சு. "அப்ப இந்தத் தடவ நேரத்துக்கு வந்துட்டேன்," னான்.

இந்தத் தடவன்னா என்னன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும்.

எனக்கு வெள்ள. ராணிப் பக்கத்து மந்திரிக்கு முன்னால நிக்கிற சிப்பாய ரெண்டு கட்டம் தள்ளினேன். எல்லாரும் நடுவுலதான் ஆரம்பிப்பாங்க. ஓரமா ஆரம்பிச்சா எதிராளி முழிப்பான்னு கிராணி சொல்லிக்குடுத்திருந்தாரு.

இவன் முழிக்கல. அதே சிப்பாய், அதே ரெண்டு கட்டம்.

நான் குதிரைய எடுத்தேன். அவனும் குதிரைய எடுத்தான். நான் அந்தப் பக்கத்து சிப்பாய ஒரு கட்டம் தள்ளி, மந்திரிய மூலையில ஏத்தினேன். அவனும் ஏத்தினான். ரெண்டாவது குதிரை. அவனும். நான் ராஜாவ யானைக்குப் பக்கத்துல பத்திரமா மறச்சேன். அவனும் மறச்சான். பலகைக்கு நடுவுல ஒரு கண்ணாடி நிறுத்தின மாதிரி இருந்துச்சு.

காப்பி தாசுதானே, இப்படித்தான் ஆடுவான்னு மனச தேத்திக்கிட்டேன்.

நாலு பதினஞ்சு. அப்பதான் ஒண்ணு தெரிஞ்சுச்சு. நான் காய வச்சா பலகையில 'டொக்'குன்னு சத்தம் வருது. அவன் வச்சா வரல.

ஒரு தடவ உத்துக் கேட்டேன். மழை கொஞ்சம் விட்டிருந்துச்சு. நான் வச்சேன். டொக். அவன் வச்சான்...

ஒண்ணுமில்ல.

கீழ பாத்தேன். அவன் பாதத்துல சேறு. எங்க தோட்டத்து மண்ணு செவப்பு. லிங்கி மண்ணும் செவப்புதான். இவன் காலுல இருந்தது மஞ்சச் சேறு. கணுக்கால் வரைக்கும் அப்பியிருந்துச்சு.

"எந்த வழியா வந்த?"

"தூரம்," னான்.

நாலு முப்பத்தஞ்சு. இப்ப அவன் காத்திருக்கிறதில்ல. நான் காய விட்டு கைய எடுக்குறதுக்குள்ள அவன் கை பலகைக்கு மேல வந்துருது. அப்புறம் ரெண்டு பேரு கையும் ஒண்ணாவே நகருது. நான் தாள்ல எழுதுறேன், அவனும் எழுதுறான். அவன் பென்சில் மட்டும் சத்தம் போடுது. கர்... கர்...

அவன் ஒடம்பு நடுங்குது. காய்ச்சக்காரன் மாதிரி பல்லு அடிக்குது.

"குளுருதா?"

"மணி என்ன?"

"நாலு நாப்பது."

"டோக்கியோ மணிதானே?"

ஒரே கேள்விய மூணு தடவ கேட்டான்.

நான் பலகையப் பாத்தேன். அம்மாவ நெனச்சேன். பெரட்டுல அப்பா பேரு படிச்ச சத்தத்த நெனச்சேன். இவன் யாரா இருந்தா என்ன, ஜெயிக்கணும். காப்பி அடிக்கிறவன ஒடைக்க ஒரே வழிதான். செக்கு. செக்க அப்படியே விட்டுட்டு அவன் காப்பி அடிக்க முடியாது. குதிரைக்கு எடம் தெரிஞ்சுச்சு. வச்சா ராஜாவும் ராணியும் ஒரே அடியில.

நெனச்சேன்.

அவன் ராஜா நகர்ந்துருச்சு.

"நீ வை. நான் பாத்தாச்சு."

நாலு அம்பத்திரெண்டு.

குதிரைய வச்சேன். டொக்.

ராணிய வெட்டினேன்.

அவன் பலகையையே பாத்தான். ரொம்ப நேரம். கண்ணு உள்ள போயிருந்துச்சு.

"இங்கதான்," னான் மெதுவா. "தெனம் இங்கதான் வந்து நிக்கிறேன்."

ராஜாவ விரலால படுக்க வச்சான்.

அதுக்கும் சத்தம் வரல.

என் தாள இழுத்து கையெழுத்துப் போட்டான். கர்... கர்... கர்... தேதியும் போட்டான். அவன் தாள்ல நான் போட்டேன். எழுத்து எனக்கே படிக்க முடியல. தலை நிமிர்ந்தா...

நாக்காலி காலி.

அஞ்சு மணி. கடியாரம் அடிச்சுச்சு. அஞ்சு அடியையும் எண்ணினேன்.

தரையில மஞ்சச் சேறு. நாக்காலிக்குக் கீழ ரெண்டு பாதம். உள்ள வந்த தடமும் இல்ல, வெளிய போன தடமும் இல்ல. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? சாக்கு எடுத்துத் தொடச்சேன். ஏன் தொடச்சேன்னு அப்ப கேட்டிருந்தா சொல்லத் தெரியாது. இப்பத் தெரியும்.

அஞ்சு இருவதுக்கு கிராணி வந்தாரு. பலகையப் பாத்தாரு. தாளப் பாத்தாரு. என் முதுகுல ஒண்ணு போட்டாரு.

"படவா. ஜெயிச்சுட்டியா? ஒங்க அம்மா மயிலம்மா இன்னிக்கித்தான் தூங்கும்." அப்புறம் தாளக் கண்ணுக்குக் கிட்ட கொண்டு போனாரு. "இது என்னடா தேதி? எட்டு ஒம்பது 2603? இன்னிக்கி ஜூன் மாசம். தோத்த கிறுக்குல செப்டம்பர்னு போட்டிருக்கான். ஆளு எங்க?"

"போயிட்டான் ஐயா."

அஞ்சரை. வாசல்ல சைக்கிள் சத்தம். டயருக்குப் பதிலா கயிறு சுத்துன சைக்கிள், கடகடன்னு வந்து நின்னுச்சு. ஒருத்தன் வாழ எலைய தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு ஓடி வந்தான்.

"கிராணி ஐயா, சரியா நாலு மணிக்கு வந்துட்டேனா? லிங்கியிலேருந்து ஒரே மிதி."

அதே மூஞ்சி.

அதே மூக்கு, அதே காது. ஆனா கன்னம் இருக்கு. தலையில மசுரு இருக்கு. ரெண்டு காலும் நல்லா இருக்கு, பாதத்துல செவப்பு மண்ணு. வாழ எலையிலேருந்து தண்ணி சொட்டுது. தரையில சொட்டுது.



"என்னடா வெளையாடுறியா?" ன்னாரு கிராணி. "ஆடித் தோத்துட்டு, ஒரு சுத்து சுத்திட்டு வந்து நிக்கிற."

"யாரு தோத்தா? நான் இப்பத்தான் ஐயா வரேன்."

"அப்ப இது யாரு கையெழுத்து?"

அமலதாசு தாள வாங்கிப் பாத்தான். மேசையில கெடந்த இன்னொரு தாளையும் எடுத்தான். மொதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் படிச்சான். அவன் வெரலு எழுத்து மேல போச்சு.

"என் எழுத்துதான்," னான். "நான் எழுதலையே..."

கிராணி அவனப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. நல்ல மனுசன். அநியாயம் செய்யத் தெரியாதவரு.

"சன்னாசி, நீ சொல்லு. மணிக் கொழப்பம்னா மறுபடி ஆட விடுறேன். வீரமுத்துக்கு விட்டேன்ல. இவன் கூடத்தானே ஆடுன?"

மழை நின்னுருச்சு. கூரை ஓரத்துலேருந்து சொட்டு விழுற சத்தம் மட்டும். ஒண்ணு... ரெண்டு...

மறுபடி ஆடினா அவன் ஜெயிச்சுருவான். அது எனக்குத் தெரியும். அந்த மூஞ்சியோட இன்னொரு தடவ எதிர்ல உக்கார என்னால முடியாது.

"ஆமா," ன்னேன். "இவன் கூடத்தான்."

அது பொய்யும் இல்ல பாருங்க.

அமலதாசு சண்ட போடல. படுத்துக் கெடந்த ராஜாவ ரொம்ப நேரம் பாத்தான். அப்புறம் அவன் தாள நாலா மடிச்சு சட்டப் பையில வச்சான். வாசல்ல சைக்கிள எடுக்கும்போது என்னக் கூப்புட்டான். இடுப்புலேருந்து ஒரு பொட்டலம் எடுத்தான். அவிச்ச மரவள்ளிக்கெழங்கு.

"எங்க அக்கா பெர்னதெத் வழிக்குக் குடுத்துச்சு. தின்னுட்டு ஆடலாம்னு வச்சிருந்தேன். இந்தா, பாதி."

நான் வாங்கித் தின்னேன்.

ஒன்பது நாள் கழிச்சு லிங்கிப் பெரட்டுல அவன் பேரு படிச்சாங்க. எனக்கு ஆபீஸ் வேலை.

அதோட முடிஞ்சிருச்சுன்னுதான் இருந்தேன். போன வாரம் வரைக்கும்.

போன செவ்வாக்கெழம, காலையில பத்தே கால். டோக்கியோ மணி. ஆபீசுக்கு ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தரு சந்தியாகு. அமலதாசு கூட அதே லாரில போனவரு, சயாமுலேருந்து எப்படியோ தப்பிச்சு வந்தவரு. பக்கத்துல ஒரு பொம்பள. அமலதாசு பேர ரேஷன்லேருந்து எடுக்கணும்னு வந்திருந்தாங்க. கிராணி மையி கொண்டாரச் சொன்னாரு. நான் கொண்டு போனேன்.

"செத்தது என்னிக்கி? தேதி தெரியுமா?"

"நல்லாத் தெரியும் ஐயா," ன்னாரு சந்தியாகு. "மாதா பொறந்த நாளு. லாரில ஏறுன அதே வருசம், செப்டம்பர் எட்டு. கொட்டாயில நாங்க நாலஞ்சு பேரு செபம் சொல்லிக்கிட்டு இருந்தோம். அவன் வலது கால் புண்ணு முட்டி வரைக்கும் ஏறிருச்சு, சாக்குத்துணிதான் சுத்தி வச்சிருந்தோம். மழை. காய்ச்சல். மணி என்ன, டோக்கியோ மணியா பழைய மணியான்னு கேட்டுக்கிட்டே இருந்தான்."

கிராணி பேனா நின்னுருச்சு.

"ஒரு தாள் வச்சிருந்தான் ஐயா. தெனமும் அந்த மஞ்சச் சேத்துல கட்டம் போட்டு அந்த ஆட்டத்த ஆடுவான். கல்லும் குச்சியும் வச்சு. கடைசியில ஒரே எடத்துல வந்து நிப்பான். இது நான் ஆடாத ஆட்டம்ணே, அன்னிக்கி நேரத்துக்குப் போயிருந்தா ஆடியிருப்பேன்னு சொல்லுவான். அன்னிக்கி நாலு மணி இருக்கும். 'அண்ணே, இந்தத் தடவ நேரத்துக்குப் போயிருவேன்'னு சொன்னான். அதான் கடைசிப் பேச்சு."

கிராணி என்னத் திரும்பிப் பாக்கல. எந்திரிச்சுப் போயி அலமாரியத் தொறந்தாரு. மூணாவது தட்டு. தாள எடுத்துப் பாத்தாரு. எடுத்த எடத்துலயே வச்சுட்டாரு. கதவ சாத்தினாரு.



அந்தப் பொம்பள என்னயே பாத்துக்கிட்டு இருந்துச்சு. "நீதான் சன்னாசியா?" ன்னுச்சு. "கெழங்குல பாதிய ஒனக்குக் குடுத்தேன்னு சொன்னான். நல்ல பையன்கிட்டத்தான்க்கா தோத்தேன்னு சொன்னான்."

அன்னையிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. இப்பவும் தகரத்துல மழை. கடியாரம் இங்கேருந்து கேக்காது, ஆனா கேக்குது. டக்... டக்...

ஒரே ஒரு கணக்குத்தான் எனக்கு வர மாட்டேங்குது. நீங்களாவது சொல்லுங்க.

அன்னிக்கி நான் 'இவன் இல்ல'ன்னு சொல்லியிருந்தா கிராணி மறுபடி ஆட விட்டிருப்பாரு. அவன் ஜெயிச்சிருப்பான். சயாமுக்குப் போயிருக்க மாட்டான்.

போகலேன்னா செத்திருக்க மாட்டான்.

சாகலேன்னா... அன்னிக்கி நாலு மணிக்கு என் எதிர்ல வந்து உக்காந்தது யாரு?